ஆறாயிரம் கோள்கள், ஒரு நிலாகூட இல்லை

2017 அக்டோபர் 28, 29 தேதிகளில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹப்பிளில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உலகம் முழுக்க வானியலாளர்கள் வருடாவருடம் விண்ணப்பம் போடுகிறார்கள், பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட கருவியை ஒரு மங்கலான நட்சத்திரத்தின் பக்கம் இவ்வளவு நேரம் திருப்பி வைத்ததற்குக் காரணம், அதன் முன்னால் அன்றைக்கு ஒரு கோள் கடந்துபோக வேண்டியிருந்தது. கோள் இருப்பது முன்பே தெரியும். கூடவே ஒரு நிலாவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கோள் வந்தது. எதிர்பார்த்ததைவிட 77.8 நிமிடம் முன்னதாகவே வந்தது. நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் குறைந்து, பல மணி நேரம் அப்படியே இருந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. மூன்றரை மணி நேரம் கழித்து ஒளி மறுபடியும் ஒரு துளி இறங்கத் தொடங்கியது. கோளின் பின்னாலேயே இன்னொன்று வந்தால் எப்படி இறங்குமோ அப்படி. இந்த இரண்டாவது இறக்கம் முடிந்து ஒளி மேலே ஏறுவதற்குள் ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டது. ஹப்பிள் அடுத்தவர் வேலைக்குப் போய்விட்டது.

அந்த நட்சத்திரத்தின் பெயர் கெப்ளர்-1625. சிக்னஸ் விண்மீன் குழுவில், சுமார் 8,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கோளுக்குக் கெப்ளர்-1625பி என்று பெயர், வியாழன் அளவு, 287 நாளுக்கு ஒரு சுற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் 2018 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், அந்தக் கோளை நெப்டியூன் அளவுள்ள ஒரு நிலா சுற்றுவதற்கான சான்று இருக்கிறது என்றார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. சொற்களை அளந்து அளந்துதான் வைத்தார்கள். ஆனால் மறுநாள் தலைப்புச் செய்திகளில் அந்த அளவெல்லாம் காற்றில் போய்விட்டது. ‘சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் நிலா’ என்று என் கைபேசிக்கு வந்த செய்திகளே ஏராளம். சிலர் இன்னமும் அதைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலவரம் இதுதான். புறக்கோள்களின், அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின், எண்ணிக்கை நாசாவின் கணக்கில் 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தொட்டது. அவற்றைச் சுற்றும் நிலாக்களில் எல்லோரும் ஒப்புக்கொண்டது பூஜ்யம். சூரியக் குடும்பத்தில் எட்டே கோள்கள், ஆனால் சனிக்கு மட்டுமே 274 நிலாக்கள் (அதில் 128, 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் பட்டியலில் சேர்ந்தவை). வீட்டுக்குள் இவ்வளவு நிலாக்களை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், அங்கே நிலாக்களே இல்லை என்று யாரும் நினைக்கப்போவதில்லை. நாம் பார்க்கும் முறையில் ஏதோ இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். தொலைவிலிருந்து ஒருவர் நம் சூரியனைக் கவனித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வியாழன் சூரியனுக்கு முன்னால் வந்தால் ஒளி 1 சதவீதம் குறையும். பூமி வந்தால் பத்து லட்சத்தில் 84 பங்கு. வியாழனின் நிலாவான கானிமீடு, சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலா, புதன் கோளைவிடவும் பெரியது. அது தனியாகக் கடந்தால் பத்து லட்சத்தில் 14 பங்கு. நம் நிலா என்றால் 6 பங்கு. நட்சத்திரங்களோ சும்மா இருப்பவை அல்ல. அவற்றின் மேற்பரப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, கரும்புள்ளிகள் வருகின்றன, போகின்றன. அமைதியான நட்சத்திரம் என்று பெயரெடுத்த நம் சூரியனே தானாக ஏறி இறங்கும் அளவு இந்த 14 பங்கைவிட அதிகம்.

சரி, நேரடியாக மறைப்பைப் பார்ப்பது கஷ்டம் என்றால் மறைமுகமான வழி ஒன்று உண்டு. குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றும் அப்பாவைக் கவனித்திருப்பீர்கள். குழந்தை பெரிய வட்டம் போடும்போது அப்பாவும் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஒரு சின்ன வட்டம் போடுவார். கோளும் நிலாவும் அப்படித்தான். இரண்டும் பொதுவான ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. அதனால் நட்சத்திரத்தைச் சுற்றிவரும் பாதையில் கோள் சில சமயம் கொஞ்சம் முன்னால் இருக்கும், சில சமயம் பின்தங்கியிருக்கும். கடப்பு நேரம், அதாவது கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும் நேரம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகும். இதை 1999-லேயே சார்ட்டொரெட்டியும் ஷ்னைடரும் எழுதிவிட்டார்கள். கடப்பு நேரம் மட்டுமல்ல, கடப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் மாறும், இரண்டையும் சேர்த்து அளந்தால் நிலாவின் எடையும் தூரமும் தனித்தனியே கிடைக்கும் என்பதைப் பத்து வருடம் கழித்துக் கிப்பிங் காட்டினார்.

எவ்வளவு பிசகும்? பேப்பரும் பேனாவும் போதும். பூமியின் மையம் அந்தப் பொதுப் புள்ளியிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் விலகியிருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 29.8 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 157 நொடி, அதாவது இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நிலாவால் பூமியின் கடப்பு அவ்வளவு முன்பின்னாகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வியாழனுக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம். கானிமீடு வியாழனை அசைப்பது 83 கிலோமீட்டர்தான். நேரத்தில் ஆறு நொடிச் சொச்சம். எங்கோ ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் நடக்கும் கடப்பை ஆறு நொடித் துல்லியத்தில் அளப்பது, அதுவும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இப்போதைக்கு நடக்கிற காரியம் இல்லை.

நேரப் பிசகை நம்பிப் பெரிய விஷயத்தைப் பிடித்த முன்னுதாரணம் இருக்கிறது. அதுவும் ஒரு நிலாவை வைத்துத்தான். வியாழனின் அயோ அதன் நிழலுக்குள் மறைந்து வெளிவருவது நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை. 1676-இல் பாரிஸில் ஓலே ரோமர் இந்தக் கணக்கு வருடத்தின் ஒரு பாதியில் தாமதமாகவும் இன்னொரு பாதியில் சீக்கிரமாகவும் நடப்பதைக் கவனித்தார். அயோவின் மேல் பழி போடாமல், ஒளி வந்து சேர நேரமெடுக்கிறது, பூமி வியாழனிடமிருந்து விலகும்போது அந்த நேரம் கூடுகிறது என்றார். அதுவரை ஒளிக்கு வேகம் என்று ஒன்று உண்டா என்பதே விவாதத்தில் இருந்தது. நேரத்தில் பிசகு தெரிகிறது என்றால் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது. அது நாம் தேடப் போனதுதானா என்பது வேறு கேள்வி.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் உறுத்துவது இனிமேல் சொல்லப்போகிற விஷயம்தான். ஒரு கோள் தன் நிலாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எல்லை அதன் எடையைப் பொறுத்தது, அதைவிட முக்கியமாக நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு ஹில் கோளம் என்று பெயர். வியாழனுக்கு அதன் ஆரம் சுமார் 5.3 கோடி கிலோமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதிக்குள் சுற்றும் நிலாக்கள் நீண்ட காலம் நிலைத்திருக்கும். தாராளமான இடம். இப்போது அதே வியாழனைத் தூக்கி நட்சத்திரத்திலிருந்து 75 லட்சம் கிலோமீட்டரில் வையுங்கள். சூடான வியாழன்கள் என்று சொல்லப்படும் புறக்கோள்கள் இருக்கும் தூரம் அது. ஹில் கோளம் 5 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். பத்திரமான பாதி என்று பார்த்தால் இரண்டரை லட்சம். நம் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் மிக அருகில் இருக்கும் அயோவே 4.2 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. ஆக, நான்கும் கையை விட்டுப் போய்விடும். இதற்கு மேல் அலை விசை வேறு, மிஞ்சியதையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும் அல்லது வெளியே தள்ளும். சூரியனுக்கு அருகிலிருக்கும் புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா இல்லாததைச் சும்மா தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

கடப்பு முறைக்கோ நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் கோள்கள்தான் எளிதில் மாட்டும். நம் வியாழன் போன்ற ஒன்று தன் நட்சத்திரத்தின் குறுக்கே வருவதுபோல் நம் கண்ணுக்கு அமையும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. அமைந்தாலும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கெப்ளர் தொலைநோக்கி சுமார் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை நான்கு வருடம் கண்காணித்தது, 2013-இல் அதன் பார்வையை அசையாமல் பிடித்து வைக்கும் சுழல்சக்கரங்களில் இரண்டாவதும் பழுதாகும்வரை. அது அள்ளிக் கொடுத்ததில் பெரும்பாலானவை சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஒரு சுற்று முடிக்கும் கோள்கள். அதாவது நிலா தங்க வாய்ப்பில்லாத இடங்களைத்தான் நம் கருவிகள் நன்றாகப் பார்த்திருக்கின்றன. 2018-இல் டீச்சியும் கிப்பிங்கும் 284 கோள்களைச் சேர்த்து அலசியதில், நடுத்தரத் தூரக் கோள்களுக்கு வியாழனின் நான்கு நிலாக்களைப் போன்ற தொகுதி இருப்பது 38 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று வந்தது. உச்சவரம்பு மட்டும்தான், ஆனால் இந்தத் துறையில் எண்ணோடு பேசக்கூடிய சில முடிவுகளில் அதுவும் ஒன்று.

கெப்ளரின் தரவு முழுக்கப் பொதுவில் கிடக்கிறது. லைட்கர்வ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது, இணைய இணைப்பு உள்ள யாரும் சாதாரண மடிக்கணினியில் இறக்கி வரைந்து பார்க்கலாம். நானும் கெப்ளர்-1625-ஐ இறக்கிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. ஏறக்குறைய 90 நாளுக்கு ஒருமுறை வரைபடம் முழுக்கச் சட்டென்று ஒரு படி மேலேயோ கீழேயோ குதிக்கிறது. சூரியத் தகடுகள் வெயிலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கலத்தைக் கால் வட்டம் திருப்புவார்கள், நட்சத்திரம் வேறொரு உணரியில் போய் விழும், அதனால் வரும் குதிப்பு. அதையெல்லாம் சரிசெய்த பிறகு கோளின் மூன்று கடப்புகளும் கண்ணுக்கே தெரிகின்றன. ஒவ்வொன்றும் 19 மணி நேரம். நிலாவை எங்கே தேடுவது? புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சமன்படுத்தும் அளவைக் கொஞ்சம் மாற்றினால் கடப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் மாற்றினால் போய்விடுகிறது. இரவு வெகுநேரம் அந்த எண்ணை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா வேண்டும் என்று நினைத்தால் வருகிறது, வேண்டாம் என்றால் போகிறது. ஆய்வாளர்கள் இதை என்னைவிட ஆயிரம் மடங்கு கவனமாகச் செய்வார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்குள் வந்த தகராறு எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

தகராறு உண்மையில் டீச்சி, கிப்பிங் கட்டுரைக்குள்ளேயே தொடங்கிவிட்டது. ஹப்பிளில் நேரம் கேட்கக் காரணமாக இருந்ததே கெப்ளரின் மூன்று கடப்புகளில் தெரிந்த நிலாவின் சாயல். இடைப்பட்ட காலத்தில் கெப்ளர் குழு தன் தரவுச் செயலாக்க மென்பொருளைப் புதுப்பித்து எல்லாவற்றையும் மறுபடி வெளியிட்டது. புதிய பதிப்பில் அந்தச் சாயல் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அதே நட்சத்திரம், அதே ஒளி, அதே கருவி, மென்பொருள் மட்டும் வேறு. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். ஆக, மொத்தப் பாரமும் ஹப்பிளின் ஒரே ஒரு கடப்பின் மேல் விழுந்தது.

2019-இல் லாரா கிரெய்ட்பெர்க் குழு அதே ஹப்பிள் தரவைத் தங்கள் முறையில் முதலிலிருந்து செயலாக்கியது. இரண்டாவது இறக்கம் வரவில்லை. கோள் மட்டும் போதும், நிலா தேவையில்லை என்றார்கள். ரெனே ஹெல்லர் குழு செய்து பார்த்தபோது இறக்கம் வந்தது, ஆனால் அது நிலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஹப்பிள் பூமியை 95 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து நட்சத்திரத்தை மறைக்கும், வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிப் போவதால் கருவி சூடாகிக் குளிரும், உணரியின் பதிலும் அதற்கேற்ப வளையும். இந்த வளைவுகளை எந்தக் கணித வடிவத்தால் நீக்குகிறோம் என்பதைப் பொறுத்து மிஞ்சுவது மாறும். கோள் சீக்கிரம் வந்தது என்பதில் மட்டும் மூன்று குழுக்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்கு நிலாதான் காரணம் என்று கட்டாயமில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுத்தாலும் அப்படி நடக்கும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் காவலூர் ஞாபகம் வரும். 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகப்போவதாகக் கணக்கு. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கணக்கில் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் இறங்கி ஏறியது. ஏதோ ஒரு பொருள் மறைத்திருக்கிறது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் அவர்கள் எழுதிய குறிப்பு வந்தது. அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே, தொலைநோக்கி பொருத்திய நாசாவின் விமானத்தில் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழு, யுரேனஸ் மறைப்பதற்கு முன்னால் ஐந்து இறக்கங்களையும், மறைத்து முடிந்த பின்னால் அதே தூரங்களில் ஐந்து இறக்கங்களையும் பதிவு செய்தது. நிலா என்றால் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வராது. வளையம் என்றால் வரும். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. காவலூரில் பதிவான இறக்கமும் பொய்யில்லை, வளையத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு பக்க இறக்கம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் முதலில் நிலா என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கெப்ளர்-1625 விஷயத்தில் கையில் இருப்பது அந்த ஒரு பக்கமும் முழுசாக இல்லை.

இரண்டாவது வேட்பாளர் 2022 ஜனவரியில் வந்தது, கெப்ளர்-1708பி என்ற கோளின் நிலா. இந்த முறை கிப்பிங் குழு நட்சத்திரத்திலிருந்து விலகியிருக்கும் 70 குளிர்ந்த பெருங்கோள்களைப் பொறுக்கி எடுத்துச் சலித்தது. நல்ல உத்தி, நிலா தங்கக்கூடிய இடத்தில் தேடுகிறார்கள். மிஞ்சியது ஒன்று. கோள் 737 நாளுக்கு ஒரு சுற்று, நிலா பூமியைப்போல் 2.6 மடங்கு அகலம். இது வெறும் இரைச்சலால் வந்திருக்கும் வாய்ப்பு 1 சதவீதம்தான் என்றார்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் 70 கோள்களைச் சலித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்றால், எங்கேயுமே நிலா இல்லாவிட்டாலும் ஒன்று இப்படித் தலைகாட்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை. நிலா இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நான் பந்தயம் கட்ட மாட்டேன், அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே அடியாக மறுப்பு எழுதினார்கள். கெப்ளர்-1708பி தரவுக்கு நிலா இல்லாமலே நன்றாகப் பொருந்துகிறது, கெப்ளர்-1625பி-இல் தெரிவது பெரும்பாலும் நட்சத்திரத்தின் விளிம்பு மங்குவதால் வருவது என்றார்கள். நட்சத்திரத் தட்டு நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். எந்த நிறத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த மங்கல் மாறும். கெப்ளரும் ஹப்பிளும் பார்த்தது வேறு வேறு அலைநீளங்களில். அடுத்த மாதமே கிப்பிங் தரப்பிலிருந்து பதில் வந்தது, உங்கள் தேடலே முழுமையாக இல்லை, நிலா இருக்கும் தீர்வை உங்கள் மென்பொருள் தவறவிட்டுவிட்டது என்று. இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. இதில் பகை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நியாயமாக நடக்கும் வழக்கு, சாட்சிதான் போதவில்லை.

கடப்பை விட்டுவிட்டு வேறு வழிகளில் தேடுபவர்களும் உண்டு. நுண் ஈர்ப்பு வில்லை முறையில் (குறுக்கே வரும் ஒரு பொருளின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை வளைத்துச் சில காலம் கூட்டிக் காட்டும்) 2011-இல் பதிவான ஒரு நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் பொருந்தின: நட்சத்திரம் இல்லாமல் அலையும் ஒரு பெருங்கோளும் அதன் நிலாவும், அல்லது தூரத்தில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரமும் அதன் கோளும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் முடிவாகிவிடும். ஆனால் இந்த முறையில் ஒரு நிகழ்வு ஒருமுறைதான், திரும்ப வராது. வழக்கு அப்படியே மூடிக் கிடக்கிறது.

சுமார் 400 ஒளியாண்டில் இருக்கும் பிடிஎஸ் 70 என்ற இளம் நட்சத்திரம் எனக்குப் பிடித்தமானது. அதன் இரண்டு கோள்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2021-இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கிகள் அதில் வெளிக்கோளைச் சுற்றி ஒரு தூசித் தட்டு இருப்பதைத் தெளிவாகப் படம் பிடித்தன. நம் நிலா அளவில் மூன்று நிலாக்கள் வரை உருவாக்கப் போதுமான சரக்கு அதில் இருக்கிறதாம். நிலா இன்னும் பிறக்கவில்லை, தொட்டில் மட்டும் தெரிகிறது.

அப்புறம் எரிமலை வழி. 1979 மார்ச்சில் அயோ தன் அண்டை நிலாக்களின் இழுபறியால் உள்ளே உருகிக் கிடக்கும் என்று ஸ்டான்டன் பீல் குழு எழுதியது அச்சில் வந்து சில நாட்களே ஆகியிருந்தன. வாயேஜர் 1 எடுத்த, வழிகாட்டலுக்கான ஒரு சாதாரணப் படத்தைச் சோதித்துக்கொண்டிருந்த லிண்டா மொராபிட்டோ அயோவின் ஓரத்தில் குடைபோல் எழும் புகையைப் பார்த்தார். அந்த எரிமலைகள் கக்கும் சோடியம் அயோவைத் தாண்டி வியாழனைச் சுற்றிப் பெரிய மேகமாகப் பரவுகிறது. அயோவைவிட அந்த மேகம் எவ்வளவோ மடங்கு பெரியது, அதனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிலா தெரியாவிட்டாலும் மேகம் தெரியலாம். 635 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் வாஸ்ப்-49பி என்ற சனி அளவுக் கோளைச் சுற்றி அப்படி ஒரு சோடியம் மேகம் இருப்பதை அபூர்வா ஓசாவும் சக ஆய்வாளர்களும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் வந்த அவர்களின் முடிவின்படி, மேகத்தின் போக்கு கோளின் போக்கோடு ஒத்துப்போகவில்லை, தனியாக நகரும் ஒரு மூலம் இருப்பதுபோல் தெரிகிறது. இந்தக் கோள் நட்சத்திரத்தை 2.8 நாளில் சுற்றுவது. மேலே சொன்ன ஹில் கணக்குப்படி நிலாவுக்கு அங்கே கொஞ்சம் இடம்தான். இருந்தால் மிக நெருங்கிச் சுற்றி, பிழியப்பட்டு, சீக்கிரம் அழியப்போகிற நிலாவாகத்தான் இருக்கும்.

நிலா கிடைத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் பலரும் உயிரைப் பற்றிப் பேசுவார்கள். பூமியின் சாய்வை நிலாதான் நிதானமாக வைத்திருக்கிறது, நிலா இல்லாத பூமியில் பருவங்கள் தறிகெட்டுப் போகும் என்று 1993-இல் ழாக் லாஸ்கர் குழு கணக்குப் போட்டது உண்மை. பின்னால் வந்த கணக்குகள் ஆட்டம் அவ்வளவு மோசமாக இருக்காது என்றன. எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஆர்வம் இல்லை. நிலா என்பது ஒரு கோள் எப்படிப் பிறந்தது என்பதற்கான சாட்சி. நம்முடையது மோதலில் பிறந்தது, வியாழனின் பெரிய நிலாக்கள் தட்டில் பிறந்தவை, நெப்டியூனின் ட்ரைட்டன் எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவரப்பட்டு எதிர்த்திசையில் சுற்றுவது. ஆயிரக்கணக்கான கோள்களின் அளவும் எடையும் தெரிந்தும் இந்தப் பூர்வீகக் கதை ஒன்றுக்குக்கூட நம்மிடம் இல்லை.

(நிலாவுக்கு நிலா இருக்க முடியுமா என்று வானியலாளர் ஜூனா கோல்மையரின் மகன் கேட்டதில் பிறந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று 2018-இல் வந்தது. இருக்கலாம், ஆனால் பெரிய நிலாவாகவும் கோளிலிருந்து விலகியும் இருக்க வேண்டும் என்பது விடை. தகுதி உள்ளவற்றில் நம் நிலா, டைட்டன், கலிஸ்டோ எல்லாம் இருக்கின்றன. கெப்ளர்-1625பி-இன் நிலாவையும் சேர்த்திருந்தார்கள். இருக்கிறதா என்றே தெரியாத நிலாவுக்குக் குட்டி நிலா!)

கெப்ளர்-1625பி-இன் நிலாவை நம்பாதவர்கள் சொல்லும் வலுவான காரணம் ஒன்று பிறப்பைப் பற்றியதுதான். 2006-இல் ராபின் கேனப்பும் வில்லியம் வார்டும் காட்டியபடி, தட்டில் பிறக்கும் நிலாக்களின் மொத்த எடை கோளின் எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். வியாழன், சனி, யுரேனஸ் மூன்றும் இதற்கு அடங்குகின்றன. கெப்ளர்-1625பி-க்குச் சொல்லப்படும் நிலாவோ கோளின் எடையில் 1.5 சதவீதம், விதியைவிட 150 மடங்கு. ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1992-இல் உறுதியான முதல் புறக்கோள்கள் செத்த நட்சத்திரமான ஒரு பல்சரைச் சுற்றிக்கொண்டிருந்தன. 1995-இல் வந்த 51 பெகாசி பி, ஏறத்தாழ நாலே நாளில் ஒரு சுற்று முடிக்கும் பெருங்கோள். இரண்டுமே அன்றைய பாடப்புத்தகப்படி இருக்கவே கூடாதவை. முதலில் மாட்டுவது எப்போதும் விசித்திரமானதுதான், ஏனென்றால் அதுதான் கருவிக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். கெப்ளர்-1625பி-இன் நிலாவை நான் நம்பாததற்குக் காரணம் அதன் பருமன் அல்ல. நாலே கடப்புகள், அதில் ஒன்றுதான் ஹப்பிளில் என்பதுதான்.

அடுத்து என்ன? 2024 அக்டோபரில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கெப்ளர்-167இ என்ற கோளின் கடப்பை சுமார் 60 மணி நேரம் பார்த்தது. வியாழனை ஒத்த, குளிர்ந்த கோள், ஒரு சுற்றுக்கு 1,071 நாள். நெப்டியூன் அளவு அசுரர்களை விட்டுவிட்டு வியாழனின் பெரிய நிலாக்களைப் போன்றவற்றைத் தேட ஏற்ற இடம் என்று கிப்பிங் குழு கேட்டு வாங்கிய நேரம் அது. அங்கேயும் தலைவலி அதேதான், மணிக்கணக்கில் மெதுவாகச் சறுக்கும் கருவியின் போக்கையும் ஒரு நிலாவின் மெல்லிய இறக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது. கணக்குப்படி அதன் அடுத்த கடப்பு 2027 செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்க வாக்கில். ஐரோப்பாவின் பிளேட்டோ விண்கலம் 26 கேமராக்களோடு கிளம்ப இருப்பதும் 2027 தொடக்கத்தை ஒட்டித்தான். கெப்ளர் பார்த்ததைவிடப் பிரகாசமான நட்சத்திரங்களை அது பார்க்கும், ஒரே பகுதியைக் குறைந்தது இரண்டு வருடம் விடாமல்.

ஆனாலும் என்னைக் கேட்டால் முதல் நிலா கடப்பில் வராது. நட்சத்திரத்திலிருந்து வெகு தூரத்தில், நேரடியாகப் படம் பிடிக்கக்கூடிய பெருங்கோள்கள் சில டஜன் நம் கையில் இருக்கின்றன. ஹில் கோளம் அவற்றுக்கு ஏராளம். நிலாக்கள் நிம்மதியாகச் சுற்றலாம். கோளின் ஒளியையே தனியாகப் பிரித்து, அது முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று நிறமாலையில் அளக்கலாம், 51 பெகாசி பி-யைக் கண்டுபிடித்ததும் இதே உத்தியில்தான், அங்கே ஆடியது நட்சத்திரம். இப்போதைய தொலைநோக்கிகளுக்கு இது எட்டியும் எட்டாமலும் இருக்கிறது. சிலியில் 39 மீட்டர் கண்ணாடியோடு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் எட்டும் என்று நினைக்கிறேன். கடப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் மறுநாள் இரவே திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.